இருபது கிலோ இரும்பு

பட்டா லொறியின் பின்னால்
இருபது கிலோப் படிக்கற்கள் பதினொன்று.
பன்னிரண்டாவதை மாவடிவேம்பில்
எவனோ தூக்கிப் போனான்.
(எதற்கு? படலைக்கு முட்டுக் கொடுக்கவா?)

தராசு திருத்துகிறவனிடம்
ஊர்களைப் பற்றிக் கேட்கிறாய்.
அவை நிறுக்கும் விதம்தான் எனக்குத் தெரியும்.

காத்தான்குடியில் வேலை சின்னது, நடுக்கம் பெரிது.
நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள்
மூச்சு விட்டாலே இலக்கம் மாறும்.
விசிறியை நிறுத்தச் சொல்வேன்.
கல்யாணப் பெண், உம்மா, மாமி
மூவரும் வியர்த்தபடி
என் இடுக்கி நுனியில் இருக்கிற
ஒரு தகட்டுத் துணுக்கைப் பார்த்திருப்பார்கள்,
அதுதான் மாப்பிள்ளை என்பது போல.
வெளியே நடுவீதியில் ஈச்ச மரங்கள்
யாரும் நிறுக்காமல் பழுக்கும்.

கல்முனைக்கு விடியமுன் போக வேண்டும்.
செதில் ஒட்டிய தட்டு, உப்புத் தின்ற சுருள்வில்,
தட்டின் ஓரத்தில் எப்போதும் ஒரு கை.
"கையை எடுங்க காக்கா."
"கையா? அது மீனுக்குத் துணைக்கு நிக்கிது."
முத்திரை எந்தக் காரியாலயத்தில் என்று
முதல் வருடம் விசாரித்தேன்.
இரண்டு பேர் இரண்டு திசை காட்டினார்கள்.
மறுகா நான் கேட்கவில்லை.

அக்கரைப்பற்றை விட்டால் அஸ்மீர் கோபிப்பான்.
லொறி அவனுடையது, ஊரும்.
"எங்கட ஊரில எல்லாத் தராசும் சரி எண்டு எழுதுங்க."
ஏழு பிழை.
ஒன்று அவன் மச்சானுடையது.

பொத்துவிலில் ஒரு வெள்ளைக்காரி
தன் பையை நிறுக்கக் கேட்டாள்.
இருபத்துமூன்றுக்கு மேலே போனால்
விமானத்தில் தண்டம்.
இரண்டு புத்தகம் எடுத்து வெளியே வைத்தாள்,
ஒரு சப்பாத்து,
பிறகு சப்பாத்துக்குள் இருந்த மணலை மட்டும் கொட்டிவிட்டுச்
சப்பாத்தைத் திரும்ப உள்ளே வைத்தாள்.
காசு வாங்கவில்லை.

அம்பாறைக்கு அப்பால் கரும்பு லொறிகள்
எடைப்பாலத்தில் வரிசையாய் நிற்கும்.
காவலாளி குணதிலகவின் சிங்களம் எனக்குக் கால்வாசி,
என் தமிழ் அவனுக்கு இரண்டு சொல்.
இலக்கங்களை மட்டும் ஒரேமாதிரி வாசிக்கிறோம்.
மிச்சத்துக்கு அவன் தேத்தண்ணி ஊற்றுவான்.

செங்கலடியைப் பிந்தி வைத்ததற்குக் காரணம் உண்டு.

பதுளை வீதி பிரிகிற இடம்.
அறுவடைக்காலத்தில் வட்டை முழுவதும்
அந்த வாயால்தான் வெளியே வரும்.
தவேந்திரனின் நெல்லுக்கடையில்
நாலு வருடமாய் ஒரே பேச்சு:
"இண்டைக்குச் சனம், நாளைக்கு வாங்கோ."
நாலு வருடமும் நாளைக்குப் போனேன்.
நாளைக்குத் தராசு சரியாகத்தான் இருந்தது.

இந்த மாசி, சொல்லாமல் போய் நின்றேன்.
உழவு மெசின் பெட்டியில் நாற்பத்தொரு மூட்டை.
மேலே இருந்தபடி செல்லக்கண்டு
வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தாள்.
கல்லை ஏற்றினேன்.
பத்தொன்பது தசம் நாலு.

வழக்கமாகப் புத்தகத்தில் குறிப்பேன்.
அன்றைக்கு என்ன வந்ததோ, உரத்து வாசித்தேன்.
மூட்டை தைக்கிற பொடியனின் ஊசி நின்றது.
வெற்றிலை அவள் கையிலேயே இருந்தது.

"அப்ப போன போகம்?"

தவேந்திரன் என்னைப் பார்த்தான்.
நான் தராசைப் பார்த்தேன்.
அதற்கு முந்தின போகத்தை அவள் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

பங்குனியில் மட்டக்களப்பில்
என் கற்களையே நிறுத்தார்கள்.
ஆறாவது கல்லில் பத்தொன்பது கிராம் குறைவு.
துரு, என்றார் உத்தியோகத்தர்.
அறுநூறு கிராமுக்கு முன்னால் இது தூசு,
அஸ்மீரும் அதையேதான் சொல்கிறான்.

கல்லடிப் பாலம் ஏறும்போது
பின்னால் இரும்பு ஒன்றோடொன்று இடிக்கிறது.
செங்கலடியில் எந்தக் கல்லைத் தூக்கி வைத்தேன்?
கையை மூடித் திறந்து பார்க்கிறேன்.
கைக்கு எல்லாக் கல்லும்
இருபதுதான்.