பன்னிரண்டு மில்லிமீட்டர் மட்டும்

மன்னார்குடிக்கு வெளியே, பாமணியாற்றுப் பாலம் தாண்டி
தகரக் கொட்டகையில் எங்கள் அச்சுப் பட்டறை.
மோட்டார் சுவிட்சுக்குக் கைப்பிடி வரைவது என் வேலை.
பதினோரு சென்டிமீட்டர்.
அதன் ஒரு முனையில் மின்சாரம், மறுமுனையில் மனுஷி.
இருவரும் கடைசிவரை அறிமுகமாகக் கூடாது.

முதல் கைப்பிடிக்கு வரி வரியாய்ப் பள்ளம் போட்டேன்,
விரல் வழுக்காமல் இருக்க.
அச்சைக் கடைந்து தந்த ரஃபியுதீன்
"பாவக்கா மாதிரி இருக்கும்மா" என்றார்.
சோதனை மேடையில் ஐயாயிரம் வோல்ட், ஒரு முழு நிமிஷம்.
முள் அசையவில்லை.
அன்று எல்லோருக்கும் டீ என் கணக்கு.

மேடை உலர்ந்திருந்தது.
கோட்டூர்ப் பக்கம் நடவு நாளில்
யார் கை உலர்ந்திருக்கிறது?

அங்கே மும்முனைக் கரண்ட் இரவு ஒன்றரைக்கு வரும்.
அபயாம்பாள் எழுந்து போவாள். குத்தகை நிலம், ஏழு மா.
முழங்கால்வரை சேறு, முழங்கைவரை சேறு,
வாயில் கடித்த டார்ச்.
என் பள்ளங்களில் சேறு போய் உட்கார்ந்தது.
சேறு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டது.
தண்ணீர் எறும்பின் பொறுமையோடு
இரும்பிலிருந்து அவள் கட்டைவிரலுக்கு
ஒரு வழி கண்டுபிடித்தது.
"சுருக்குன்னுச்சு, அவ்ளோதான்."

அந்த அவ்ளோதானோடு பஸ் ஏறினேன்.
வடுவூர் தாண்டியும் அது இறங்கவில்லை.

பள்ளங்களை அழித்தேன்.
வழவழப்பாக, நடுவில் கொஞ்சம் பருத்து,
கைக்கும் இரும்புக்கும் இடையே குடை போல ஒரு விளிம்பு:
தண்ணீர் அதுவரை வரட்டும், அங்கேயே சொட்டட்டும்.
முன்பு அளந்தவை பட்டறைக் கைகள், அத்தனையும் ஆம்பிளைக் கைகள்.
இந்த முறை வரப்பில் உட்கார்ந்து
நடவுக்காரிகள் பதினேழு பேருடைய பிடியை நூலால் அளந்தேன்.
"மோதிரமா போடப் போற?" என்று சிரித்தார்கள்.

அடுத்த தை மாசம் மறுபடி போனேன்.
கைப்பிடி என்னுடையதுதான்.
அதன் வயிற்றில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது.

"ஸ்க்ரூ எங்கயோ விழுந்துடுச்சு. அறுப்பு நேரம்.
யாரு மன்னார்குடி வந்து வாங்குறது?
கதவுக் கீல்ல இருந்த ஸ்க்ரூவை என் கொழுந்தன் முடுக்கிட்டான்.
மழை பெய்ஞ்சா மட்டும் வெறகுக் கட்டையால தள்ளுவேன்."

லைன்மேன் மாசிலாமணி பீஸ் கட்டையை உருவிய பிறகு
டியூபை விலக்கிப் பார்த்தேன்.
மறுபக்கம் கடுகளவு இரும்பு
வெளியே தலை நீட்டியிருந்தது.

கோபம்தான் வந்தது. கொழுந்தன்மேல் கிளம்பியது
பாதி வழியில் என் பக்கம் திரும்பிக்கொண்டது.
வரைபடத்தின் ஓரத்தில் நானே எழுதியிருக்கிறேன்:
ஸ்க்ரூ நீளம் பன்னிரண்டு மில்லிமீட்டர் மட்டும்.
அந்த 'மட்டும்' என்ற சொல்லை யார் வாசிப்பார்,
இரவு ஒன்றரைக்கு,
வாயில் டார்ச்சோடு?

புதிய படத்தில்
ஸ்க்ரூ இறங்கும் குழிக்கு அடி மூடிய எஃகுக் குப்பி,
அதற்குப் பின்னால் இரட்டைப் பருமனில் சுவர்.
எவ்வளவு நீள ஆணி வந்தாலும் முட்டி நிற்கும்.
"நாலு ரூபா கூடும்மா" என்றார் ரஃபியுதீன்.
"நாலு ரூபாயா" என்ற முதலாளி அமிர்தகடேசன்
மின்விசிறியை வெகுநேரம் பார்த்தார்.

பையிலிருந்து பழைய கைப்பிடியை எடுத்து
டியூபோடு அவர் மேசையில் வைத்தேன்.
எந்தக் கம்பியோடும் அதற்குச் சம்பந்தமில்லை.
வெறும் பேக்கலைட், ஒரு கீல் ஸ்க்ரூ.
"அவிழ்த்துப் பாருங்க சார்."
கையை நீட்டினார்.
நீட்டிய கை வழியில் பேனாவை எடுத்துக்கொண்டது.

புதியதை மாட்டிய அன்று அபயாம்பாள் கேட்டாள்:
"இனிமே எந்த ஆணி வேணா போடலாமா?"
"போடவே கூடாது" என்றேன்.
போட்டாலும், என்று தொடங்கிய அடுத்த வாக்கியத்தை
அப்படியே விழுங்கிவிட்டேன்.