சத்தியக் கடதாசி

சுவடிக்கூடத்தில் பேனை கூடாது.
பென்சிலோடு இது மூன்றாவது செவ்வாய்.
பூச்சி தின்ற தோம்பிலே
களனி ஆற்றோரம், கிராண்ட்பாஸ் பக்கம்
எட்டுப் பாத்தி கோவா, ஒரு கிணறு:
வீபே ஹார்மன்ஸ், கமக்காரன்,
கப்பலால் வந்தவன்.

கோயில் புத்தகத்தில் அவனுடைய
ஐந்து பிள்ளைகளில் ஒன்றுக்கும் ஞானஸ்நானம் இல்லை.
பக்கம் கிழிந்துபோயிற்றென்று நினைத்தேன்.
பிறகு தண்டப்பணக் கணக்கில் அகப்பட்டான்.
கைக்குழந்தைக்குத் தண்ணீர் தெளிக்க மாட்டேன் என்றதற்கு,
கோட்டைக் காவலுக்குத் துவக்குத் தூக்காததற்கு,
தேசாதிபதி பேரில்
கை உயர்த்திச் சத்தியம் பண்ண மறுத்ததற்கு.
மூன்று தரமும்
கோவா விற்றுக் கட்டியிருக்கிறான்.

மெனோனைட்டாம். எனக்குச் சொல்லே புதிது.
எங்கள் வீட்டில் பெரியப்பாமார் இரண்டு பேரும் பொலிஸ்.

ஆற்றோரம் போய்ப் பார்த்தேன்.
கொள்கலன் லொறிகள், எரிந்த டயர் மணம்.
இங்கே ஒரு கிணறு இருந்ததா என்று கேட்க
காவலாளி கக்கூசைக் காட்டினான்.

ஹார்மன்ஸ் எப்போதோ ஆர்மன்சாகி
என் அடையாள அட்டையில் அருமான்ஸ்.
எல்லாம் ஒரே ஆட்கள்தான் என்று காட்ட
புதுக்கடையில் ஒரு சத்தியக் கடதாசி வேண்டுமாம்.
படிக்கட்டுக்குக் கீழே மேசை போட்டிருந்த
சமாதான நீதவான்
முத்திரை ஒட்டிப் பேனையை நீட்டினார்.

'சத்தியம் செய்கிறேன்' என்ற இடத்தில்
கை நின்றுவிட்டது.
இதை வெட்டிப்போட்டு
'சொல்கிறேன்' என்று எழுதலாமா?

மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
எழுதலாம், மிஸ்.
காசு அதேதான்.