முப்பது விநாடி

மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னவன் நான்தான்.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
கடலூர் முதுநகர், மார்ச் கடைசி,
ஒன்பதாம் வகுப்பு 'இ' பிரிவு,
நாற்பத்தாறு பேர், மூன்று விசிறி.
நடுவிலிருந்தது
எண்ணெய் காணாத கிணற்று ராட்டினமாய்க் கத்தியது.
காலர் மைக்கில் அது விழும்.
விழக்கூடாது. அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

விருந்தாளி பதினொன்றரைக்கு வருவதாக இருந்தது.
ஒன்றேகாலுக்கு வந்தார்.
அதுவரை
கரும்பலகைக்கு இரண்டு கோட் பெயிண்ட்,
புதுச் சீருடைக்காரர்கள் முன்வரிசைக்கு,
சட்டையில் பட்டன் இல்லாத விஷ்ணுவர்த்தன்
தூணுக்குப் பின்னால்.
கைதட்டலை முன்கூட்டியே நான்கு முறை எடுத்துக்கொண்டோம்:
மெதுவாக, பலமாக,
எழுந்து நின்று,
சிரித்துக்கொண்டே.
வரப்போவது யாரென்று அவர்களுக்குச் சொல்லவில்லை.
யாருக்கென்று தெரியாமலே தட்டினார்கள்.
நன்றாகவே தட்டினார்கள்.

அவரைக் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை.
போஸ்டரில் பார்த்ததைவிட உயரம் குறைவு,
குரலில் லேசாக ஜலதோஷம்.
பெஞ்சைத் துடைக்க வந்த உதவியாளரைத்
தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.
"கணக்குன்னா இன்னிக்கும் எனக்கு வயித்தக் கலக்கும்" என்றதும்
வகுப்பு உடைந்து சிரித்தது.
ஒத்திகையில் இல்லாத சிரிப்பு.
மீட்டர் சிவப்பைத் தொட்டு இறங்கியது.

பிறகுதான் கோபிகா எழுந்தாள்.
அவளுக்கு நாங்கள் கொடுத்திருந்த கேள்வி
'உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன?'
அட்டையில் அச்சடித்தே கொடுத்திருந்தோம்.
அந்த அட்டையால் விசிறிக்கொண்டே கேட்டாள்:
"அக்கா, இந்த நாத்தம்
உங்களுக்கும் வருதா,
எங்களுக்கு மட்டுந்தானா?"

சிப்காட் பக்கமிருந்து காற்று திரும்பியிருந்தது.
அழுகின முட்டையா, நகப்பூச்சா,
எரிந்த ஒயரா என்று
காலையிலிருந்து நானும் அதற்கொரு பெயர்
தேடிக்கொண்டுதான் இருந்தேன்.
விருந்தாளி இயக்குநரைப் பார்க்கவில்லை.
"வருதும்மா" என்றார்.
ஒரே சொல். சுத்தமாகப் பதிந்தது.
கேமராவுக்குப் பின்னால் நிரஞ்சன்
இரண்டு விரலால் காற்றைக் கத்தரித்தார்.

கார்கள் கிளம்பியபின் என் வேலை ஒன்று பாக்கி.
எந்த அறையில் எடுத்தாலும்
அந்த அறையின் வெறும் சத்தம் வேண்டும்.
யாரும் பேசாத, நகராத முப்பது விநாடி.
வெட்டுப்பட்ட இடங்களுக்கு ஒட்டுத்துணி அதுதான்.
"சும்மா இருக்கறதையா சார் ரெக்கார்டு பண்ணுவீங்க?"
ஆமாம் என்றேன்.
"அதுக்கும் கைதட்டணுமா?"
வேண்டாம் என்றேன்.

இருந்தார்கள்.
ஹெட்போனில் ஒவ்வொன்றாக வந்தது.
துறைமுகத்தில் விசைப்படகு ஒன்றின் இருமல்.
சத்துணவுக் கூடத்தில்
பரிமாறாத தட்டுகளை யாரோ திரும்ப அடுக்குவது.
மணி இரண்டே கால்,
ஒரு வயிறு நீளமாக உருண்டது.
யாரும் சிரிக்கவில்லை.
நாற்பத்தாறு மூக்குகள்
அதே காற்றை இழுத்தன, விட்டன, இழுத்தன.

சென்னையில் எடிட்டிங். ஏழாவது எபிசோடு.
கோபிகா எழுவாள்.
உடனே பின்வரிசைப் பையன் ஒருவன்
வெற்றியின் ரகசியத்தைக் கேட்டுவிடுவான்.
இடையில் பதினான்கு விநாடி போயிற்று.
தையல் தெரியாமலிருக்க
அந்த இடத்தில் அவர்கள் மௌனத்தையே விரித்தேன்.
அவள் கேள்வியை மூட
அவள் மூச்சு.
கச்சிதமாகப் பொருந்தியது.
தொழில் தெரிந்தவன் நான்.

எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்று
நிரஞ்சன் வாட்ஸப்பில் அனுப்பினார், கூடவே பட்டாசுப் படம்.
கட்டைவிரல் உயர்த்தினேன்.

மூலப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது.
ஒன்றுமில்லாத பதிவு என்பதால்
யாரும் அழிக்கச் சொல்லவில்லை.
முப்பது விநாடி முடிந்தும் அன்று நிறுத்த மறந்திருக்கிறேன்.
முப்பத்தோராவதில் ஒரு பெஞ்ச் கிறீச்சிடுகிறது.
தூணுக்குப் பின்னாலிருந்து,
விஷ்ணுவர்த்தனாக இருக்கலாம்,
தயங்கி ஒரு குரல்:
"சார், இப்ப ஃபேன் போட்டுக்கலாமா?"