இருபது நிமிடம்

ரத்தத்தில் கலந்த வளர்ச்சி ஹார்மோனில் பாதி
இருபது நிமிடத்தில் காணாமல் போகும்.
பட்டர்வொர்த்தில் கிளம்பிய ஃபெரி
இந்தக் கரையைத் தொடவும்
ஏறத்தாழ அவ்வளவுதான்.
முப்பத்தொரு வருடம்
வேறு கடிகாரம் எனக்கு இருந்ததில்லை.

முதலில் மாடுகள்.
சுங்கை பினாங்கு கசாப்புக் கூடத்தில்
விடிகாலை நான்கு மணிக்கு
ஐஸ் குடுவையோடு நிற்பேன்,
முட்டைகூடத் தொடாதவள்.
மூளைக்கு அடியில், எலும்புக் குழிக்குள்
கொண்டைக்கடலை போல் பிட்யூட்டரி.
"ஊரே ஈரல் கேக்குது,
இந்தம்மா கடலை கேக்குது" என்பார் மீராசா.
நாற்பது தலை சேர்ந்தால்
நகக்கண் அளவு வெள்ளைப் பொடி.

பிறகு பிள்ளைகள்.
பகலில் அது தலைகாட்டாது.
தூக்கம் ஆழம் போனதும்தான்
அலையாக எழும்.
ஆகவே நாங்கள் விழித்திருந்தோம்.
இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை
தூங்கும் கையிலிருந்து ஒரு மில்லி.
மிஸ்ஸி ரொக்கியா
டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொள்வாள்.
ஒரு பிள்ளைக்கு இருபத்தைந்து குப்பி.
எவனாவது கனவில் சிரித்தால்
நேரத்தை மட்டும் குறித்துக்கொள்வோம்.

பதினேழாம் எண்.
பிறைப் பையன், வயது ஒன்பது,
உயரம் ஆறு வயதுக்குரியது.
அவன் வரைபடம் வந்த அன்று
நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.
ஹார்மோன் மலை மலையாக.
ஈரல் திருப்பி அனுப்பவேண்டிய சேதியோ
கோட்டுக்கும் கீழே.
இவ்வளவு தட்டியும்
உள்ளே யாரும் திறக்கவில்லை என்றால்
பூட்டில்தான் பழுது.
மரபணுவில் எங்கோ ஓரெழுத்து
மாறிக் கிடக்கும்.
அந்தப் பிழைக்கு என் பெயரை
வைப்பார்கள்.

இரண்டு வருடம் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.
எந்தப் பிழையும் இல்லை.
லண்டனுக்கு அனுப்பினேன்.
இல்லை என்று அவர்களும் எழுதினார்கள்,
வாழ்த்துகளுடன்.

குப்பிக்குச் சீட்டு ஒட்டியபடி
ரொக்கியாதான் சொன்னாள், மலாயில், சாதாரணமாக:
"அன்று காலை ஊசியை எடுத்ததும்
மூன்று பொட்டலம் நாசி லெமாக் தின்றானே,
அவன்தானே?"

பட்டினியில் ஹார்மோன் ஏறும்.
ஈரல் வேண்டுமென்றே காதைப் பொத்திக்கொள்ளும்,
வளர இது நேரமில்லை என்று.
வளரச் சொன்ன அதே ஹார்மோன்
கொழுப்பைக் கரைத்து, சதையைக் காத்து
விடியும்வரை ஆளைத் தாங்கும்.
மூன்றாம் ஆண்டு வகுப்பில் வருடாவருடம்
நான்தான் இதைச் சொல்லித் தருகிறேன்.
எலிகளில் நிரூபித்தும் இருக்கிறேன்.

ஃபெரி ஏறிப் போனேன்.
அவனுக்கு நான்கு வயதில் மூடிய ஆலை.
ஐந்து பிள்ளைகள்.
ராத்திரிக்குத் தே ஓவும் பிஸ்கட்டும்.
பூட்டு நன்றாகவே இருந்தது.
பெயர் யுகேந்திரன் என்று
அன்றுதான் தெரியும்.
ஒரு மூட்டை அரிசி வாங்கிக் கொடுத்தேன்.
ஆய்வு நிதிக் கணக்கில்
அது எந்தத் தலைப்பிலும் அடங்கவில்லை.

கட்டுரையில் அவன் இல்லை.
அடிக்குறிப்பில் மட்டும்: ஒருவர் விலக்கப்பட்டார்.

சேர்க்கைப் படிவத்தில் அதுவரை
பிறந்த எடை, தாய் உயரம், தந்தை உயரம்.
அதன் கீழே பேனாவால் எழுதினேன்:
மாலாம் தாடி மாக்கான் அப்பா?
நேற்றிரவு என்ன சாப்பிட்டாய், அவ்வளவுதான்.
தமிழ்க் கண்ணுக்குத்தான்
ஒரு தாடியும் ஓர் அப்பாவும்
நடுவில் வந்து நிற்பார்கள்.
குழு அதை அடித்தது, தொடர்பற்றது என்று.
மறுவருடம் மறுபடி எழுதினேன்.
மறுபடி அடித்தார்கள்.

இன்று மைனஸ் எண்பது பெட்டியைக்
காலி செய்கிறேன்.
பதினேழின் கடைசிக் குப்பி, காலை ஆறு மணி,
மஞ்சள் சீட்டில் ரொக்கியாவின் கையெழுத்து.
கையுறைக்குள்ளும் சுடுகிறது குளிர்.
சிவப்புப் பையில் போட்டுவிட்டேன்,
விதி அதுதான்.

மேசையில் புதுப் படிவங்கள் ஒரு கட்டு.
என் கேள்வி இப்போது
அச்சிலேயே வருகிறது,
ஏழாவது வரியில்,
ஓர் எழுத்துப் பிழையோடு.