கூட்டறிக்கை

தாவரவியலாளர் சங்கம், வந்தாறுமூலை.
நிறைவெண் பதினைந்து. மண்டபத்தில் பதினாலு பேர்.
சந்தா கட்டாதோர் பெயரைப் பொருளாளர்
மெல்ல வாசித்தார், பிறகு உரக்க.
வடை ஆறிப்போனது.

மூன்று பத்துக்கு ஜெஸீமா எடுத்தாள்:
“விடிய முகத்துவாரம் வெட்டிட்டாங்க, சேர்.
வாவி வடியுது.
போன மாரிக்கு நட்ட கண்டல்ட வேர்
இப்பதான் வெளியில தெரியுது.
எண்ணி முடிக்காம வரமாட்டன்.”

ஒலிபெருக்கியில் போட்டோம்.
இடுப்பளவு தண்ணீரின் சளசளப்பு.
நூற்றிப் பன்னிரண்டு. நூற்றிப் பதின்மூன்று.
நடுவில் ஒரு பறவை கத்தியது;
எங்களில் ஒருவருக்கும் அதன் பேர் தெரியாது.

செயலாளர் நான், எழுதினேன்:
சமூகமளித்தோர் பதினைந்து,
ஒருவர் சேற்றில் நின்றபடி.

“யாப்பில் அதற்கு இடமில்லை”
என்றார் பேரின்பநாதன்.

நூற்றிப் பதினாலு
பட்டுப்போச்சு, என்றாள்.
நூற்றிப் பதினைந்து.