அரை மூட்டை

வீட்ஸ்கே போனபோது
கினிப்பன்றிகள் இரண்டையும் கொண்டுபோனாள்,
கூண்டு, வைக்கோல், தண்ணீர்ப் புட்டி,
அவற்றுக்கென்று அவள் தைத்த சின்னக் கம்பளி உட்பட.
தீனி மூட்டையை மறந்துவிட்டாள்.
மறக்காமலும் விட்டிருக்கலாம்.
காரில் இடமில்லை என்பதும் உண்மைதான்.

கொட்டகையில், சைக்கிள் பம்புக்குப் பக்கத்தில்
வாயைச் சுருட்டித் துணிக் கிளிப் போட்ட மூட்டை.
பாதிக்குக் கொஞ்சம் கீழே இருந்தது.
அட்டையில் ஒரு கினிப்பன்றி சிரிக்கிறது.
கினிப்பன்றி சிரிக்காது,
ஆறு வருஷம் பார்த்திருக்கிறேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை
கோழித்தீவனம் தீர்ந்துபோனது.
ஊரில் கடை இல்லை,
பக்கத்து ஊரில் பூட்டியிருந்தது.
அணைக்கரை தாண்டி வந்த காற்றில்
இறகு பிளந்து நின்றபடி
நான்கு கோழிகளும் என்னைப் பார்த்தன,
வாடகை கேட்டு வந்தவர்கள் மாதிரி.

"மருந்து கலந்ததென்றால் வேண்டாம், லேபிளைப் படி"
என்றார் எதிர்வீட்டு ஹிட்டே,
தன் குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டே.
கண்ணாடியைத் தேடிப் படித்தேன்:
குதிரைமசால், ஓட்ஸ், பட்டாணிச் செதில், வைட்டமின் சி.
மருந்து இல்லை.
அந்த வைட்டமினைக் கோழி தன் உடம்பிலேயே செய்துகொள்ளுமாம்.
கினிப்பன்றிக்கு மட்டும்
தினமும் யாராவது கொண்டுவந்து தரவேண்டும்.
அந்த வரியை ஏனோ இரண்டு தடவை படித்தேன்.

முதல் நாள் செதிலை மட்டும் பொறுக்கின.
பச்சைக் குச்சிகளை மிதித்துப் போயின.
மறுநாள் புதுத் தீவனம் வந்துவிட்டது,
நிறுத்தியிருக்கலாம்.
நிறுத்தவில்லை.
வெந்நீரில் ஒரு கைப்பிடி ஊறவைத்தேன்,
வெட்டிய புல்வாசனை ஜனவரிச் சமையலறையில் எழுந்தது.
புள்ளிக்கோழி முதலில் கொத்தியது.
பிறகு மற்றவையும்.
அன்றிலிருந்து தினம் காலை
நான்கு அலகும் பச்சை.

மார்ச் நடுவில் செய்தி வந்தது:
"அந்த மூட்டை இருக்கிறதா?
இங்கே அதே தீனி எங்கேயும் இல்லை.
ஸ்னோர் வேறெதையும் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை.
சனிக்கிழமை வரட்டுமா?"

இருக்கிறது, வா
என்று எழுதிவிட்டுத்தான்
கொட்டகைக்குப் போனேன்.
மூட்டையின் மூலையில்
ஒரு தேக்கரண்டித் தூள்.

வெள்ளிக்கிழமை எதிர்காற்றில் டொக்கும் வரை மிதித்தேன்.
அதே மூட்டை, அதே பொய்ச்சிரிப்பு.
திரும்பி வந்து, பழையதற்குள் கொட்டினேன்.
எந்த உயரம் வரை?
முழங்கையை உள்ளே விட்டு அளந்தேன்,
இவ்வளவா, இன்னும் இரண்டு விரலா,
இருட்டும்வரை ஏற்றியும் இறக்கியும்.
அதே இடத்தில் கிளிப்.

சனிக்கிழமை அவள் காரை அணைக்கவில்லை.
மூட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.
"இவ்வளவு இருந்ததா?"
"இருந்ததே."
பிம் எப்படியிருக்கிறான் என்று கேட்டேன்.
நகம் வெட்ட விடுவதில்லையாம்.
கம்பிவலைக்குப் பின்னால் கோழிகள்
மூட்டைச் சரசரப்பைக் கேட்டு
ஓடிவந்து வரிசையாக நின்றன.
அவற்றின் அலகை மறைத்துக்கொண்டு நின்றேன் நான்.
ஆறு முட்டை கொடுத்தேன்,
பழைய செய்தித்தாளில் சுற்றி.

ராத்திரி ஒரு புகைப்படம் வந்தது:
வாணலியில் உடைத்த ஒற்றை முட்டை.
கீழே,
"கரு ஏன் இவ்வளவு ஆரஞ்சு, ஜெல்மர்?"

இன்னும் பதில் போடவில்லை.
மிச்ச அரை மூட்டை கொட்டகையில் இருக்கிறது.
காலையில் வெந்நீர் வைக்க வேண்டும்.