மூன்றாம் வாசல்

நெகானேயின் இரண்டு விரல்களில்
வியர்வை அளக்கும் பட்டைகளை மாட்டினேன்.
சில்லிடுகிறது என்றாள்.
பில்பாவோவில் மழை பெய்வது
சன்னலில்லாத என் அறைக்குத் தெரியாது;
அவள் கோட்டு சொட்டியதில் தெரிந்துகொண்டேன்.

முதல் நாள்
மஞ்சள் முக்கோணமும் செல்லோவின் ஒற்றைச் சுரமும்
சேர்ந்தே வந்தன, சேர்ந்தே போயின.
ஒன்றும் நடக்கவில்லை. கொட்டாவி விட்டாள்.

மறுநாள் முக்கோணம் மட்டும்,
கூடவே மணிக்கட்டில் சுருக்கென்று மின்சாரம்.
‘தாங்கலாம்’ என்று அவளே தேர்ந்த அளவு.
எட்டு முறை.

அப்புறம்தான் செல்லோவைத் தனியாக ஒலிக்கவிட்டேன்.
அந்தச் சுரம் அவளை ஒருபோதும் சுட்டதில்லை.
ஆனாலும் திரையில் கோடு
பால் பொங்குவதுபோல் ஏறியது.

“என்ன நினைத்தாய்?”
“நினைக்கவில்லை. முக்கோணம் வந்து நின்றது.
ஓரம் கொஞ்சம் மங்கல்.”

மார்ச்சில், கருவியைச் சோதிக்க,
இதே நாற்காலியில் நானும் உட்கார்ந்தேன்.
என் கோடு உப்பங்கழிபோல் கிடந்தது.
கண்ணை மூடினால் எனக்குள் படம் எழுவதில்லை.
அம்மாவின் முகம்கூட ஒரு குறிப்புதான்:
நீண்ட மூக்கு, இடது புருவத்தில் தழும்பு.
செல்லோ எனக்குச் செல்லோ, அவ்வளவே.
ஒருவனின் கோட்டை வைத்து
எதுவும் சொல்லிவிட முடியாது என்பதும் தெரியும்.

பட்டைகளைக் கழற்றும்போது சொன்னாள்:
“சாந்துர்ட்சி துறைமுகத்தில் தம்பி மேல் பளு விழுந்த அன்று
நான் மலைகளுக்கு அந்தப் பக்கம், விட்டோரியாவில்.
போனில் ‘மூன்றாம் வாசல்’ என்றார்கள்.
அந்த வாசலில் மத்தி சுடுவார்கள்.
வாசம் என் மேசைக்கே வந்துவிட்டது.
பதினோரு வருடமாக மத்தி தின்னவில்லை.
மீன் என்ன செய்தது, பாவம்.”

என் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் ‘மத்தி’ என்று எழுதி
அழித்தேன்.

ஞாயிறன்று சாந்துர்ட்சிக்கு ரயிலேறினேன்.
ஏன் என்று கேட்டால் பசி என்பேன்.
ஆறு மத்தி, எலுமிச்சை, கருகிய தோலில் கல்லுப்பு.
கடைக்குப் பின்னால்
ஒரு பளுதூக்கி மெல்லத் திரும்பியது.

படம் ஒன்றும் வரவில்லை. சத்தியமாக.
சொற்கள்தான்: நெகானேயின் தம்பி,
வாசல், மூன்று.
நாலாவது மீனில் கை நின்றது.

விரல் நுனிகளைப் பார்த்தேன்,
மினுங்கின.
எண்ணெயா, வியர்வையா?
பட்டை மாட்டிவிட
அங்கே ஆளில்லை.